ஃபோர்த் கிரேடு வில்லியம்ஸ்பர்க் ட்ரிப்: "அந்தக் காலத்துல நான் யாரா இருந்திருப்பேன்"னு பொண்ணு கேக்குறா, என்ன சொல்றது?

லவுடன்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஃபோர்த் கிரேடு. அடுத்த மாசம் ஸ்கூல்ல கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் பீல்டு ட்ரிப், 1700கள்ல இருந்த மாதிரியே வச்சிருக்கற பழைய ஊர், அந்தக் காலத்து டிரெஸ்ல ஆளுங்க நின்னு விளக்குவாங்க. விர்ஜினியால இந்த கிரேடுலதான் விர்ஜினியா ஸ்டடீஸ் பாடம் வருதுங்கறதால இங்க எல்லா ஸ்கூலும் இந்த வருஷம் அங்கயோ, ஆங்கிலேயர் 1607ல குடியேறின ஜேம்ஸ்டவுனுக்கோ கூட்டிட்டுப் போறாங்க. நானும் பிள்ளைங்களைப் பாத்துக்கக் கூடப் போற சாப்பரோனா பேர் குடுத்திருக்கேன்.

ரெண்டு விஷயம் கேக்கணும். முதல்ல சாதாரண விஷயம். விடிய முன்னாடி பஸ் கிளம்பி ராத்திரிதான் திரும்புது, மத்தியான சாப்பாடு கட்டிக் குடுக்கணும், நாங்க சைவம். என்ன கட்டலாம், எந்த ஷூ, வேற என்ன எடுத்துக்கணும்?

ரெண்டாவதுதான் எனக்கு தூக்கம் வராம பண்ணுது. விருப்பம் இருந்தா பிள்ளைங்க அந்தக் காலத்து டிரெஸ்ல வரலாம்னு ஸ்கூல் மெயில்ல போட்டிருந்தாங்க. பொண்ணுங்களுக்கு வெள்ளை குல்லா, நீள பாவாடை, ஏப்ரன், பசங்களுக்கு மூணு மூலை தொப்பி. இவ ஆன்லைன்ல பாத்துட்டே இருந்தவ திரும்பி, "அம்மா, அப்ப நான் இருந்திருந்தா இந்த டிரெஸ் போட்டிருப்பேனா, இல்ல வேலை செய்யறவங்க டிரெஸ்ஸா, நான் யாரா இருந்திருப்பேன்"னு கேட்டா. எனக்கு வார்த்தையே வரல. அவங்கப்பா "டிரெஸ்ஸை வாங்கிக் குடு, விடு"ங்கறார். எனக்கு அப்படி விட மனசு வரல. இந்த ட்ரிப் போய்ட்டு வந்தவங்க, நீங்க என்ன சொன்னீங்க?

சாண்டிலி_அப்பா

சாப்பாடு பத்தி நான் சொல்றேன் தோழி, ரெண்டு பிள்ளைங்களையும் அனுப்பியாச்சு. புளிசாதம் கட்டுங்க, கெட்டுப்போகாது, தயிர் சாதம் வேண்டாம், பஸ்ல 95, 64 ரெண்டு ஹைவேயும் டிராபிக்ல மாட்டினா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். தண்ணி பாட்டில் கட்டாயம். நல்லா தேஞ்ச, காலுக்குப் பழகின ஷூ போடுங்க, புது ஷூ கூடவே கூடாது. ட்யூக் ஆஃப் க்ளாஸ்டர் ஸ்ட்ரீட் ஒண்ணே கிட்டத்தட்ட ஒரு மைல், அதுல மேலயும் கீழயும் நடந்துட்டே இருப்பாங்க. குதிரை வண்டி ஓடற தெரு, கீழ பாத்து நடக்கச் சொல்லுங்க. ஏப்ரல் மே-ல அங்க புழுக்கம் நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும், அதனால பாலியெஸ்டர் கவுனு வாங்கி மாட்டி விட்டா பிள்ளை வெந்துடும்.

இன்னொண்ணு, தெருவுல நடக்க டிக்கெட் வேண்டாம், கட்டடத்துக்கு உள்ள போகத்தான் டிக்கெட். அதனால ஸ்கூல் எந்த எந்த இடத்துக்கு டிக்கெட் எடுத்திருக்குனு முன்னாடியே கேட்டுக்குங்க. எங்க குரூப்புக்கு கவர்னர் பேலஸும் கொல்லர் பட்டறையும் கிடைச்சது, பிரிண்டிங் ஆபீஸ் கிடைக்கல, பையன் வர்ற வழியெல்லாம் புலம்பினான்.

ரெண்டாவது கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

ரிச்மண்ட்_ராஜா

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பது வயசு பிள்ளைக்கு ஒரு நாள் சந்தோஷமான ட்ரிப். கொல்லன் இரும்பு அடிக்கறதை பாக்கட்டும், பீரங்கி சத்தம் கேக்கட்டும், குல்லா போட்டு போட்டோ எடுத்துக்கட்டும். நம்ம பிள்ளைங்க ஏற்கனவே கிளாஸ்ல வித்தியாசமா தெரியறாங்க, அந்த ஒரு நாளாவது மத்த பிள்ளைங்களோட ஒண்ணா இருக்கட்டுமே. அடிமைத்தனம், இனம் இதெல்லாம் மிடில் ஸ்கூல்ல விரிவா வரப்போகுது, அப்ப பேசிக்கலாம். எல்லாத்தையும் பாரமா மாத்தினா பிள்ளைக்கு ஹிஸ்டரினாலே வெறுப்பு வந்துடும்.

ஹாம்ப்டன்_வாசி

நான் இந்தப் பக்கம் ரொம்ப வருஷமா குடியிருக்கேன், வில்லியம்ஸ்பர்க் வீட்டுக்குப் பக்கம், வர்ற விருந்தாளி எல்லாரையும் கூட்டிட்டுப் போயி போயி ஒவ்வொரு கல்லும் பழக்கம். ராஜா தம்பி சொல்றதுல பிள்ளைக்கு சந்தோஷம் வேணும்ங்கறது சரி. ஆனா அங்க போயிட்டு அடிமைத்தனத்தைப் பாக்காம வர முடியும்னு நெனைக்கறது சரியில்ல, ஏன்னா அந்த ஊரே அதுதான்.

1699ல இருந்து 1780 வரைக்கும் விர்ஜினியாவோட தலைநகரம் அது. அமெரிக்கப் புரட்சி சமயத்துல அந்த ஊர் ஜனத்தொகைல பாதிக்கு மேல கறுப்பின மக்கள், அதுல பெரும்பாலானவங்க அடிமைகளா வச்சிருந்தவங்க. அப்ப நீங்க அந்தத் தெருவுல நின்னு கண்ணை மூடி அந்தக் காலத்தை நெனைச்சுப் பாத்தா எதிர்ல வர்ற ரெண்டு பேர்ல ஒருத்தர் கறுப்பினத்தவர். ஆனா 1926ல பாதிரியார் குட்வின் பெரிய பணக்காரர் ராக்பெல்லர் ஜூனியர்கிட்ட பணம் வாங்கி ஊரைப் பழைய மாதிரி கட்ட ஆரம்பிச்சதுல இருந்து ரொம்ப காலத்துக்கு, அங்க சொன்ன கதைல இந்தப் பாதி ஆளுங்க கிட்டத்தட்ட காணவே காணோம். 1979லதான் கறுப்பின மக்களோட வாழ்க்கையை நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சாங்க.

நீங்க சாப்பரோனா போறதால சொல்றேன், பேட்டன் ராண்டால்ஃப் வீடு கிடைச்சா விடாதீங்க. அமெரிக்கக் காலனிகளோட பிரதிநிதிங்க கூடின முதல் கான்டினென்டல் காங்கிரஸுக்கு தலைவரா இருந்தவர் அவர். சுதந்திரம் பேசின வீடு. அதே வீட்டுல இருபதுக்கு மேல அடிமைகள் வேலை செஞ்சாங்க. அதுல ஈவ்-னு ஒரு அம்மா. 1775 நவம்பர்ல பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கிளர்ச்சிக்காரங்களோட அடிமைங்க யாரு என் படைக்கு வந்தாலும் விடுதலைனு பிரகடனம் போட்டார். போர் நேரத்துல ஈவ் பிரிட்டிஷ் பக்கம் ஓடினாங்க, கடைசில பிடிபட்டு வித்துட்டாங்க. வீட்டு எஜமான் ஒரு விடுதலைக்காக உழைச்சார், சமையல்கட்டுல இருந்தவங்க இன்னொரு விடுதலைக்காக எதிரிப் படை பக்கம் ஓடினாங்க. இது ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ நடந்தது. இதை ஒன்பது வயசு பிள்ளை ரொம்ப நல்லா புரிஞ்சுக்கும், நான் பாத்திருக்கேன், பெரியவங்கதான் நெளிவாங்க.

அப்புறம் ப்ரே ஸ்கூல். இதுதான் ஃபோர்த் கிரேடு பிள்ளைங்களுக்காகவே இருக்கற இடம்னு நான் சொல்லுவேன். 1760ல லண்டன்ல இருந்த ஒரு ஆங்கிலிக்கன் சபை பணம் குடுத்து கறுப்பினக் குழந்தைங்களுக்குனு ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். ஆன் வேஜர்னு ஒரே ஒரு டீச்சர், 1774ல அவங்க சாகற வரைக்கும் நடத்தினாங்க. வந்த பிள்ளைங்க மூணு வயசுல இருந்து பத்து வயசு, அடிமைப் பிள்ளைங்களும் உண்டு, சுதந்திரமானவங்களும் உண்டு. நோக்கம் நல்லதுனு சொல்ல முடியாது, பைபிள் படிச்சு எஜமானுக்கு அடங்கி இருக்கக் கத்துக்கணும்ங்கறதுதான் எண்ணம். ஆனா எழுத்து தெரிஞ்சவங்களை அடக்கி வைக்கறது சுலபமில்ல. அங்க படிச்ச ஐசக் பீ-னு ஒரு பையன் பெரியவனாகி 1774ல ஓடிப்போறான், அவனைத் தேடி எஜமான் விர்ஜினியா கெஸட் பத்திரிகைல குடுத்த விளம்பரத்துல இவனுக்குப் படிக்கத் தெரியும்னு எழுதியிருக்கார். படிக்கத் தெரிஞ்சவன்ங்கறதே அங்க எச்சரிக்கை ஆகிப்போச்சு.

அந்தப் பள்ளிக்கூடம் முதல்ல நடந்த கட்டடம் வில்லியம் அண்ட் மேரி காலேஜ் வளாகத்துல ஆபீஸா இருந்துட்டு இருந்தது, மரத்தோட வளையத்தை ஆராய்ச்சி பண்ணிதான் 1760ஐ ஒட்டி கட்டினதுனு உறுதி பண்ணாங்க. 2023 பிப்ரவரில மொத்த வீட்டையும் பெரிய வண்டில ஏத்தி தெருவோட நகத்திக் கொண்டு வந்து பழைய ஊர் இருக்கற ஹிஸ்டாரிக் ஏரியால வச்சாங்க. உங்க ஸ்கூல் ட்ரிப்ல அது இருக்கானு டீச்சர்கிட்ட இப்பவே கேளுங்க, இல்லைனா சேக்க சொல்லுங்க. மாணவர் பட்டியல் மூணு வருஷத்துது மிஞ்சியிருக்கு, 1762, 1765, 1769. பிள்ளைங்க பேர், பக்கத்துல எஜமான் பேர். உங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்க பேர்தான் அதுல இருக்கறது.

ரிச்மண்ட்_ராஜா

அண்ணா, ஐசக் பீ கதை எனக்குத் தெரியாது. நல்லா இருந்தது. ஆனா நீங்க சொல்றது உங்களை மாதிரி ஊறினவங்க கூட போனா சரி, 60 பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஓடற டீச்சருக்கு இதெல்லாம் முடியுமா? அரைகுறையா சொல்லி விட்டா கிளாஸ்ல இருக்கற கறுப்பினப் பிள்ளைங்களை மத்த பிள்ளைங்க திரும்பிப் பாப்பாங்க, அது நடந்தே இருக்கு. நான் பயப்படறது அதுக்குத்தான்.

சோழமண்டலம்

லவுடன் அக்கா, உங்க பொண்ணு கேட்டதுக்கு நேரா பதில் இருக்கு, யாரும் இன்னும் சொல்லல. அந்தக் காலத்து விர்ஜினியால இந்தியாவுல இருந்து வந்தவங்க நெஜமாவே இருந்தாங்க.

1635ல ஜேம்ஸ்டவுன்ல ஜார்ஜ் மெனிஃபீனு ஒரு வியாபாரி நிலம் வாங்கறதுக்கு ஆள் கணக்கு காட்டறார். கடல் தாண்டி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா 50 ஏக்கர்ங்கறது அப்பத்த முறை. அந்தப் பட்டியல்ல "டோனி, கிழக்கிந்தியன்"னு ஒரு பேர். அவ்வளவுதான், அவர் எந்த ஊரு, சொந்தப் பேரு என்ன எதுவும் இல்ல. யாரோ வச்ச பேரும் 50 ஏக்கர் நிலமும்தான் அந்த மனுஷனைப் பத்தி மிஞ்சினது. எனக்கு அதை முதல்ல படிச்சப்ப நெஞ்சு அடைச்சுப் போச்சு. 1760, 70கள்ல விர்ஜினியா கெஸட்லயும் ஓடிப்போனவங்களைத் தேடற விளம்பரங்கள்ல கிழக்கிந்தியர்னு குறிப்பிட்டு சில பேர் வர்றாங்க. பல பேர் இங்கிலாந்து வழியா வேலைக்காரங்களா வந்தவங்க. சில பேரை நீக்ரோனே எழுதி வச்சிருக்காங்க, சட்டம் வெள்ளை, வெள்ளை இல்லாதவங்கனு ரெண்டா பிரிச்சப்புறம் இவங்க எந்தப் பக்கம் விழுந்தாங்கங்கறது ஒவ்வொருத்தரோட விதி. 1662லயே விர்ஜினியால சட்டம் போட்டுட்டாங்க, அம்மா அடிமைனா பிள்ளையும் அடிமைனு. அப்ப உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கு பதில் அவ அம்மா யாருங்கறதுல இருந்திருக்கும்.

டிரெஸ் பத்தி ஒண்ணு. அங்க துணிக்கடைல சீட்டித் துணி கவுன் தொங்கும், பூப்போட்ட பருத்தி. அந்தச் சீட்டி சோழமண்டலக் கரைல மசூலிப்பட்டினத்துல இருந்து கீழ வரைக்கும் நம்ம ஆளுங்க கையால சாயம் எழுதினது. இங்கிலாந்து கம்பளிக்காரங்க சண்டை போட்டு உள்ளூர்ல இந்தச் சீட்டியை உடுத்தவே தடை வாங்கிட்டாங்க, ஆனா காலனிகளுக்கு ஏத்தி விக்கறதுக்குத் தடை இல்ல, அதனால அது இந்தப் பக்கம் தாராளமா வந்தது. அடிமைகளுக்குக் குடுத்தது சொரசொரப்பான ஓஸ்னபர்க் லினன். பொண்ணுகிட்ட அதையும் சொல்லுங்க. அந்தக் காலத்துல அவ வேலைக்காரியா இருந்திருக்கலாம், எஜமானியம்மா உடுத்தின கவுனுக்கு சாயம் போட்டவங்க பேத்தியாவும் இருந்திருக்கலாம். அவளுக்கு அந்த ஊர் கதைல இடம் இல்லைனு மட்டும் நெனைக்க வேண்டாம்.

லவுடன்_அம்மா

சோழமண்டலம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுனு தெரியல. நேத்து ராத்திரி டோனி பத்தி சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "அவருக்கு அம்மா வச்ச பேரு என்னவா இருந்திருக்கும்"னு கேட்டா. தெரியாது கண்ணு, யாரும் எழுதி வைக்கலனு சொன்னேன். காலைல எழுந்ததும் குல்லா வேண்டாம், சாதாரண டிரெஸ்லயே போறேன், ஆனா நான் அங்க இருக்கறவங்ககிட்ட டோனி பத்தி கேக்கலாமாங்கறா. கேக்கலாம்தானே?

ப்ரே ஸ்கூல் பத்தி டீச்சருக்கு மெயில் போட்டுட்டேன். ட்ரிப்ல சேக்க முயற்சி பண்றேன்னு பதில் வந்தது.

பழைய_வாத்தியாரம்மா

தாராளமா கேக்கலாம்மா. இங்க எலிமெண்டரில பல வருஷம் வேலை பாத்து ஓய்வு வாங்கினவ நான், அதனால ரெண்டு வார்த்தை.

அங்க வேஷம் போட்டு நிக்கறவங்கள்ல ரெண்டு வகை இருக்கு, பிள்ளைங்களுக்கு பஸ்லயே இதைச் சொல்லிடுங்க. ஒரு வகை அந்தக் காலத்து மனுஷராவே பேசுவாங்க, ஜெபர்சன், வாஷிங்டன் மாதிரி, அவங்ககிட்ட "டோனி தெரியுமா"னா அவங்க பாத்திரத்துக்குள்ள இருந்துதான் பதில் வரும். இன்னொரு வகை டிரெஸ் மட்டும் அந்தக் காலம், பேச்சு இன்னைக்கு ஆளு. கொல்லர், பீப்பாய் செய்யறவர், விக் செய்யறவங்க, பிரிண்டர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. அவங்க நடிகர்கள் இல்ல, வருஷக்கணக்கா அப்ரண்டிஸா இருந்து தொழிலைக் கத்துக்கிட்டவங்க, கேள்வி கேட்டா முகமெல்லாம் மலர்ந்து பதில் சொல்லுவாங்க. "இதை எப்படி செய்யறீங்க"னு எல்லாப் பிள்ளைங்களும் கேக்கும். "இந்தப் பட்டறைல அப்ப யார் யார் வேலை செஞ்சாங்க, அவங்களுக்குக் கூலி உண்டா"னு கேக்கச் சொல்லுங்க. அந்த ஒரு கேள்வில பாதிப் பாடம் முடிஞ்சிடும், யாரும் யாரையும் திரும்பிப் பாக்கவும் வேண்டியதில்ல. ராஜா சொன்ன பயம் நியாயமான பயம், நானும் அதைக் கண்ணால பாத்தவ. அதுக்கு வழி இது.

இன்னொண்ணு கண்டிப்பா. ட்ரிப்புக்கு முன்னாடியோ பின்னாடியோ கிளாஸ்ல பிள்ளைங்களை அடிமை, எஜமான்னு பிரிச்சு நடிக்க வைக்கறாங்கனு கேள்விப்பட்டா உடனே பேசுங்க, பொறுத்துக்காதீங்க. 1994 அக்டோபர்ல வில்லியம்ஸ்பர்க்லயே ஒரு அடிமை ஏலத்தை நடிச்சுக் காட்டினாங்க. கிறிஸ்டி கோல்மன்னு, அங்க கறுப்பின மக்களோட கதையைச் சொல்ற துறைக்குத் தலைமை தாங்கின கறுப்பினப் பெண்மணி நடத்தினது, தானே ஏலம் போற பெண்ணா நின்னாங்க. எதிர்ப்பு பலமா வந்தது, எதிர்க்க வந்தவங்கள்ல ஒருத்தர் பாத்தப்புறம் மனசு மாறினதும் உண்டு. பயிற்சி எடுத்த பெரியவங்க, தங்களோட மூதாதையர் கதைனு அழுதுகிட்டே செஞ்சதுக்கே அவ்வளவு கொந்தளிப்பு. அதை நாலாங்கிளாஸ்ல விளையாட்டா செய்ய வைக்கறது பிள்ளைங்களுக்குப் பண்ற கொடுமை.

பாஸ்டன்_மாமி

டிரெஸ் வேண்டாம்னு குழந்தை தானா சொன்னது ரொம்ப நல்லது. எங்க பக்கம் பிளிமத்ல ப்ளிமத் பட்டக்ஸெட் மியூசியம், முன்னாடி ப்ளிமத் பிளான்டேஷன்னு பேரு, 2020ல மாத்தினா. நவம்பர் வந்தா எல்லா ஸ்கூல் பஸ்ஸும் அங்கதான். ஆங்கிலேயர் கிராமத்துல எல்லாரும் 1620கள்லயே வாழறா, "ட்ரம்ப் யாரு"னு கேட்டாக்கூட முழிப்பா, அவ்வளவு அழகா நடிப்பா. ஆனா பக்கத்துல பூர்வகுடி வாம்பனோக் வீடுகள் இருக்கற இடத்துல நிக்கறவா யாரும் நடிக்கல. அவா நெஜமாவே பூர்வகுடி மக்கள், இன்னைய மனுஷாளா நின்னு தங்களோட சமூகத்தைப் பத்திப் பேசறா. தலைல இறகு வச்சுண்டு குழந்தைகளை அனுப்பப்படாது, அங்க அதை அவமானமாத்தான் எடுத்துப்பா. 1616ல இருந்து 1619 வரைக்கும் வந்த கொள்ளைநோய்ல வாம்பனோக் மக்களோட பட்டக்ஸெட் கிராமமே காலியாயிடுத்து, அந்தக் காலி கிராமத்து மேலதான் பில்கிரிம்ஸ்னு சொல்ற ஆங்கிலேயக் குடியேறிகள் வந்து உக்காந்தா. தேங்க்ஸ்கிவிங் விருந்து கதைல இதைச் சொல்றதே இல்ல.

என் பேத்தி அங்க ஒரு வாம்பனோக் பெண்கிட்ட "நீங்க இப்பவும் இருக்கேளா"னு கேட்டா. அவா சிரிச்சுண்டே "இருக்கோம், எங்க குழந்தைகளும் உன்ன மாதிரி ஸ்கூல் பஸ்லதான் போறா"ன்னா. எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்லிக் குடுக்கல.

ஸ்காபரோ_தமிழ்

டொரொண்டோவில எங்கட பிள்ளையளை பிளாக் கிரீக் எண்ட பழைய காலத்துக் கிராம மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போறவை. மெழுகுதிரி செய்யிறது, மாவு அரைக்கிறது எல்லாம் பிள்ளையளுக்கு நல்ல விருப்பம். ஆனா கனடாவில அடிமைகள் இருந்ததெண்டு என்ர மகனுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. 1793இல குளோயி கூலி எண்ட கறுப்பினப் பெண்ணைக் கட்டி நயாகரா ஆத்துக்கு அங்கால கொண்டுபோய் வித்தவங்கள், அந்த விசயம் வெளிய வந்த பிறகுதான் துணைநிலை ஆளுநர் சிம்கோ அடிமை முறையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டு வந்தவர். இந்த இழையைப் பாத்துத்தான் நான் மகனோட இருந்து கதைச்சனான். நன்றி எல்லாருக்கும்.

ரிச்மண்ட்_ராஜா

வாத்தியாரம்மா சொன்ன அந்தக் கூலி கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு. மத்ததுல எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல, பிள்ளை வயசைப் பாத்துதான் எவ்வளவு சொல்லணும்னு முடிவு பண்ணணும். ஆனா என் பையன் அடுத்த வருஷம் போறான், ப்ரே ஸ்கூலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

ஒரு சந்தேகம். ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட், ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்னு ரெண்டு பேர் வருதே, ரெண்டும் ஒண்ணா? எதுக்குக் கூட்டிட்டுப் போறது?

ஹாம்ப்டன்_வாசி

வேற வேற, தம்பி. பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால எல்லாரும் குழம்புவாங்க. செட்டில்மென்ட்ங்கறது மாநிலம் நடத்தற மியூசியம், 1957ல திறந்தது. 1607ல ஆங்கிலேயர் வந்த சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி மூணு கப்பலோட மாதிரியும் தண்ணில நிக்கும், உள்ள ஏறிப் பாக்கலாம். 104 ஆம்பளைங்களும் பையன்களும் இந்த மண்ணுல இறங்கினாங்க, அந்தக் கப்பல் அடித்தளத்துல நின்னா எப்படி அடைஞ்சு வந்தாங்கனு பிள்ளைங்களுக்கு உடம்புலயே உறைக்கும். பாஸ்பஹேங்கற பூர்வகுடி மக்களோட கிராமம் ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க, மான்தோலைச் சுரண்டறது, மரத்தை எரிச்சுக் குடைஞ்சு ஓடம் செய்யறது எல்லாம் கையால செஞ்சு பாக்கலாம். ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்தான் நெஜமான இடம், அவங்க கட்டின கோட்டை ஆத்துல கரைஞ்சு போச்சுனே நெனைச்சுட்டு இருந்தாங்க, 1994ல வில்லியம் கெல்சோ தோண்டிக் கண்டுபிடிச்சார். இப்பவும் தோண்டறாங்க, தோண்டறவங்ககிட்டயே பேசலாம். சின்னப் பிள்ளைனா செட்டில்மென்ட் முதல்ல, கொஞ்சம் கேள்வி கேக்கற பிள்ளைனா ரெண்டும். டோனி பேரு பதிவான ஊரு அதுதான், லவுடன் அக்கா.

நேரம் இருந்தா கொலோனியல் பார்க்வே வழியா யார்க்டவுனும் போய்ட்டு வாங்க, மூணு ஊரையும் சேக்கற ரோடு, மொத்தமே 23 மைல். 1781 அக்டோபர்ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் படை சரணடைஞ்ச இடம் யார்க்டவுன். அந்தச் சண்டைல அமெரிக்கப் பக்கத்துக்கு உளவு பாத்த ஜேம்ஸ்னு ஒரு அடிமை, கார்ன்வாலிஸ் முகாமுக்குள்ளயே இருந்து சேதி அனுப்பினவர், போர் முடிஞ்சும் அவரை விடுதலை பண்ணல, 1787லதான் சட்டசபை விடுதலை குடுத்தது. கார்ன்வாலிஸுக்கு ஒண்ணும் ஆகல, இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா போய் 1792ல திப்புவை ஸ்ரீரங்கப்பட்டினத்துல பணிய வச்சு ரெண்டு மகன்களையும் பணயமா வாங்கினார். சென்னைக் கோட்டை மியூசியத்துல அவரோட சிலை நிக்குது, பீடத்துல அந்த ரெண்டு பசங்களை ஒப்படைக்கற காட்சி செதுக்கியிருக்கு. லீவுக்கு ஊருக்குப் போறப்ப பிள்ளைங்களுக்குக் காட்டுங்க.

சாண்டிலி_அப்பா

ராஜா, செட்டில்மென்ட்டுக்கு போனா கவசம் போட்டுப் பாக்க விடுவாங்க, செம கனம், என் பையன் அதை மாட்டிட்டு நடக்கவே முடியல. லவுடன் தோழி, புளிசாதத்துக்கு கூட வடகம் வேண்டாம், பஸ்ல நொறுங்கிடும். உருளைக்கிழங்கு வறுவல் வைங்க.